பரிசோதனைக்கு முந்தின வாரம்

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. அவருக்குப் பின்னால் ஊசி டிரேயோடு ஒரு சிஸ்டர். கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தபடி என் நாத்தனார். கட்டிலோரம் நான், மடியில் சாப்பாட்டுப் பையோடு. என் வீட்டுக்காரர் கதவருகே நின்றிருந்தார், உள்ளே வரவும் மனசில்லாமல், வெளியே போகவும் மனசில்லாமல். ஆட்கள் என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் இன்னொன்றையும் ஒரு ஆளாகச் சேர்த்துத்தான் எண்ணுவோம். அது நாத்தனாரின் நெஞ்சுக்குள் வைத்திருந்த உலோக வால்வு. கைக்கடிகாரம் மாதிரி டிக், டிக் என்று சத்தம் போடும். அன்று அந்த அறையில் ஃபேன்கூட ஓடவில்லை. அப்படியும் அந்தச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. அதனால்தான் வேலூருக்கு ஓடி வந்திருந்தோம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆம்பூருக்கு வாழ வந்த பிறகு, ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுக்கும் வேலை. கை பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கும், மனசு பாட்டுக்குப் பயந்துகொண்டிருக்கும். நாத்தனார் வேலைக்குப் போய்வருகிற கம்பெனி வேன் லேட்டானால் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். பால் பொங்கி அடுப்பு அணைந்தால் கேஸ் கசிந்துவிட்டதோ என்று மூக்கை நீட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவேன். பேசினால் பயம் கொஞ்சம் இறங்கும் என்பதால் யார் கிடைத்தாலும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. "உன் வாய்க்கு ஒரு ஜிப் வெச்சுத் தெச்சா இன்னா?" என்பார். "நல்ல ஜிப்பா பாத்து ஸ்டோர்லருந்து எடுத்தாறேன். ஒரு வருஷம் கேரண்டியோட." நானும் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

சின்ன வயசில் அண்ணிக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து போனதாம். முழங்கால் வீங்கி, பிறகு மணிக்கட்டு வீங்கி, தானாகவே வடிந்துவிட்டது. போய்விட்டது என்று எல்லோரும் மறந்துபோனார்கள். போகிற போக்கில் அது இதயத்தின் ஒரு கதவைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டும். படுத்தால் இருமல். வேலூரில் நெஞ்சைத் திறந்து கெட்ட கதவை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அதற்குப் பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காப்பியோடு சரி. "அவங்களுக்குச் சத்தமில்லாத பொண்ணு வேணுமாம்" என்று அண்ணியே ஜோக் அடிப்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், சுவரில் கடிகாரமே இல்லாத வீட்டில் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு எனக்கு அது பழகியது மட்டுமில்லை, வேண்டியதாகவும் ஆகிவிட்டது. அரிசி களையும்போது, ஊசியில் நூல் கோர்க்கும்போது, ஒரு காது அங்கேதான் இருக்கும். அது கேட்கிறவரை ஒரு கவலை குறைவு.

உலோகக் கதவில் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அண்ணி தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். வாழ்நாள் முழுக்க. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு நம்பர் வரும். நம்பர் ரொம்ப ஏறினால் ரத்தம் நிற்காமல் ஒழுகும் ஆபத்து. ரொம்ப இறங்கினால் வால்வில் கட்டிக்கொள்ளும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து, அதற்குள் நிற்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, கீரை வகைகளைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கு வந்து, கம்பெனி வேனில் ஏறி, பத்து வாய் மாறி, கீரையே தொடக் கூடாது என்று ஆகிவிட்டது. நான் வந்தபோது எங்கள் வீட்டில் கீரை விஷம் மாதிரி. வாசலில் முருங்கை மரம் நின்றது, காயை மட்டும் பறிப்போம். இலை உதிர்ந்து குழம்பில் விழுந்துவிட்டால்கூட நான் கரண்டியால் தேடித் தேடி எடுப்பேன்.

அண்ணி ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற மேல்பாகங்களை விளக்குக்கு அடியில் திருப்பிப் பார்த்து, பாஸ் என்றால் ஒரு பக்கம், ரிஜெக்ட் என்றால் இன்னொரு பக்கம் போடும் வேலை. தையல் நூலிழை அளவு விலகினாலும் அவர் விரல் கண்டுபிடித்துவிடும். நான் வீட்டில் தைத்ததைக்கூட விடமாட்டார். "சொந்தக்காரின்னு விட்டா ஷூ கிழியாதா?" என்று திருப்பிப் பிரிக்கச் சொல்வார். அந்த மேசை அவருக்கு உசிரு. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, படிப்பும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த விளக்கடியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வருகிறார், ஆடிட் வருகிறது என்றால் முந்தின வாரமே கம்பெனி குளித்துத் தலைவாரிக்கொள்ளும். அவசர வாசலை மறைத்திருந்த அட்டைப் பெட்டிகள் போய்விடும். எல்லோருக்கும் மாஸ்க் வரும், மடிப்புக் கலையாத கையுறை வரும், பசை நாற்றம் போக புது ஃபேன் ஓடும். பாத்ரூமில் வாசனை சோப்பு இருக்கும். ரிஜெக்ட் குவியல் இரவோடு இரவாக வேறு கொட்டகைக்குப் போய்விடும். "ஆடிட்டர் காரு கேட்டைத் தாண்டினா மொதல்ல காணாமப் போறது சோப்புதான்" என்று அண்ணி சிரிப்பார். அண்ணிக்கு இதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. வருகிறவர் முன்னால் நன்றாகக் காட்டிக்கொள்வதுதான் மரியாதை என்று ஊறிப்போயிருந்தது. இது ஒரு கம்பெனி சங்கதி இல்லை, கல்யாண வீட்டில்கூட நாம் அப்படித்தானே. இந்தப் பழக்கத்தை அவர் தன் ரத்தத்துக்கும் கொண்டு போவார் என்று நான், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள், அதற்கு மட்டும் பயப்படவில்லை.

ஒரு மழைநாளில் வேன் படியில் கால் வழுக்கி அண்ணி கையை ஊன்றினார். பெரிதாக விழக்கூட இல்லை. குழந்தை விழுந்தால் தட்டிவிட்டு எழுந்து ஓடும், அவ்வளவுதான். ஆனால் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இந்த வயசுக்கு எலும்பு இவ்வளவு மெலியக் கூடாது என்றார். ரத்தத்தில் டி வைட்டமின் பார்த்தார்கள், அடிமட்டத்தில் இருந்தது. அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? வெயில் ஏறும் முன்னால் வேன் வந்துவிடும். பகல் முழுக்கக் கூரைக்குள் குழல்விளக்கு. வெயில் இறங்கிய பிறகு வேன் கொண்டுவந்து விடும். வெயிலுக்குப் பேர்போன எங்கள் ஊரில் வாழ்ந்துகொண்டு வெயிலே படாமல் ஒரு ஜென்மம். வாரம் ஒரு தரம் பாலில் கலந்து குடிக்கிற பொடி பாக்கெட் எழுதிக் கொடுத்தார், காலை வெயிலில் கொஞ்சம் நில்லுங்கள் என்றார்.

கம்பெனியிலிருந்து வந்து பார்த்தவர்கள் பழம் கொடுத்துவிட்டு, கை முன்போல் பிடிக்காவிட்டால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்பதையும் நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பேக்கிங் என்றால் நாளெல்லாம் நின்றுகொண்டு பெட்டி மடிக்க வேண்டும். மேசை போய்விடும், விளக்கு போய்விடும். அன்று சாயங்காலம் அண்ணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் முருங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எலும்புக்கு முருங்கக்கீரைதான்னு வேன்ல எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

நான் தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தேன். "அண்ணி, நெஞ்சுக்கு ஆவாதுன்னு சொன்னதும் அவங்கதானே!"

"சொன்னாங்கதான். நெஞ்சை நான் பாத்துக்கறேன். நீ கீரையைப் பாத்துக்க."

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா வேணாம்பாங்க. அப்புறம் எலும்புக்கு இன்னா பண்றது? நீ உன் எலும்பக் குடுப்பியா?"

அவர் முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. கட்டுப் பிரித்த பிறகு துணி உருண்டையைக் கையில் வைத்து அமுக்கி அமுக்கிப் பழகினார். வலியில் கண்ணில் நீர் வரும், நிறுத்தமாட்டார். நான் கீரை ஆய்ந்தேன். பூண்டு தட்டிப் போட்டு, தேங்காய் தூவி, அவர் தட்டில் குவித்து வைப்பேன். பல வருஷம் பார்க்காத சொந்தக்காரர் வந்த மாதிரி அவர் அதைச் சாப்பிட்டார். வைத்துவிட்டு நான் அடுப்படியில் நின்று டிக், டிக் கேட்கிறதா என்று பார்ப்பேன்.

ஆனால் மாதத்தில் ஒரு வாரம், "இந்த வாரம் கீரை வேணாம்" என்பார். ஏன் என்றால், "ஒரு வேண்டுதல்" என்பார். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை. உடம்பு தேற ஏதோ நேர்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த வாரத்தில் தோசையும் சட்னியும் ரசமும்தான். வாரக் கடைசியில் வேலூருக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். மறுநாள் வேனிலிருந்து இறங்கும்போதே, "ரெண்டு கை கீரை ஆஞ்சு வையி" என்பார். நம்பர் நன்றாக வந்தது, சில மாதம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்தது. ஜாஸ்தியாக வந்ததால் மாத்திரையைக் கொஞ்சம் கம்மி செய்தார்கள். "பாத்தியா, மாத்திரையே கம்மியாய்டுச்சு" என்று அண்ணி பெருமையாகச் சொன்னார். நானும் கற்பூரம் ஏற்றினேன். மேசையும் கைவிட்டுப் போகவில்லை. எல்லாமே தேறி வருகிற மாதிரிதான் இருந்தது.

ஒரு விடியக்காலை நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போல என் காது அந்தப் பக்கம் போனது. சத்தம் இருந்தது, ஆனால் பழைய சத்தம் இல்லை. தகரத்தில் தட்டுகிற மாதிரி இருப்பது, துணிக்கு அடியில் தட்டுகிற மாதிரி இருந்தது. கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே போய்க் கேட்டேன். அண்ணி பேசும்போது வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"அண்ணி, சத்தம் மங்கியிருக்கு."

"உன் காது மங்கியிருக்கும்."

"மூச்சு வாங்குது உங்களுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்."

"இன்னிக்குப் பையர் வர்றாங்கடி. நாளைக்குப் பாக்கலாம். கம்முனு போய் தோசை ஊத்து."

வேன் வந்து ஹாரன் அடித்தது. அண்ணி எழுந்து நடந்தார், நாலு எட்டு வைத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், மறுபடி நடந்தார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. நான் முன்னால் ஓடி வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். நைட்டியோடு, கையெல்லாம் மாவோடு. உள்ளே இருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர், "எக்கா, இன்னா இது பேஜாரா இருக்குது? ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு, டைம் ஆவுது" என்று கத்தினார்.

"நான் எறங்க மாட்டேன். எங்க அண்ணியை ஏத்த மாட்டேன்னு சொல்லு, எறங்கறேன்."

"மானத்த வாங்காத, எழுந்திரு" என்று அண்ணி பல்லைக் கடித்தார். திட்டுவதற்குக்கூட அவருக்கு மூச்சு போதவில்லை. அதை வேனில் இருந்தவர்களும் பார்த்துவிட்டார்கள். ஒரு பெண் இறங்கி வந்து அண்ணியின் கையைப் பிடித்தாள், "போங்கக்கா, நாங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லிக்கறோம்" என்றாள். வேன் கிளம்பியது. வாழ்க்கையில் முதல்முறையாக என் பயம் ஒரு வண்டியை நிறுத்தியது.

அப்படித்தான் அந்த அறைக்கு வந்தோம். நெஞ்சை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வால்வில் கதவு மாதிரி திறந்து மூடுகிற இரண்டு இலையில் ஒன்று சரியாகத் திறக்கவில்லை, ரத்தம் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். அன்றைய நம்பர் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லாம் நல்ல நம்பராகவே இருந்தன.

"மாத்திரை விட்டுப்போச்சா?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர்" என்றார் அண்ணி. உண்மைதான்.

"நாட்டு மருந்து? வேற மாத்திரை ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"எப்பவும் சாப்பிடறதுதான்" என்றார் அண்ணி, என்னைப் பார்க்காமல்.

எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. ஃபேன் ஓடாத அறை, கேட்காத சத்தம். வாயைத் திறந்துவிட்டேன். என்ன சமைக்கிறேன், எந்த எண்ணெய், குக்கரில் எத்தனை விசில், பால் யாரிடம் வாங்குகிறோம், டி பாக்கெட்டை வாராவாரம் நானேதான் கலந்து கொடுக்கிறேன், வேனில் ஒரு பெண் கெண்டைக்கால் இழுப்புக்கு நல்லது என்று பச்சை நிறத்தில் இ வைட்டமின் மாத்திரை கொடுத்தாள், அதை அண்ணி பையில் பார்த்து நான் ஒளித்து வைத்துவிட்டேன், அது தப்பா, காலையில் இட்லி, மதியம் முருங்கைக்கீரை, ராத்திரி மீந்த கீரையில் அடை, ஆனால் ரத்தம் கொடுக்கிற வாரம் மட்டும் கீரையே கிடையாது, அது சாமி வேண்டுதல்...

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "இருங்க. எந்த வாரம்?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஜிப்பை அன்றைக்கே தைத்திருக்கலாம் என்று நினைத்திருப்பார். கதவருகே நின்ற என் வீட்டுக்காரர், "அக்கா..." என்றார்.

"கம்பெனில பழகிப்போச்சு டாக்டர்" என்றார் அண்ணி மெதுவாக. "யாரு பாக்க வந்தாலும் நல்லதைக் காட்டணும்னு. கீரை தின்னா நம்பர் எறங்கும்னாங்க. எறங்கினா நீங்க கீரையை நிறுத்தச் சொல்வீங்க. எலும்பு போனா என் மேசை போய்டும். அதான் ஒரு வாரம் முன்னாடி நிறுத்திட்டு வருவேன்."

டாக்டரம்மா திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, நான் டெஸ்ட் பண்றது உங்களுக்கு மார்க் போட இல்ல. மாத்திரையை அளந்து குடுக்க. நீங்க கீரை சாப்பிடாத ரத்தத்தைக் காட்டினீங்க, நாங்க அதுக்கு மாத்திரையைக் குறைச்சோம். மிச்ச வாரமெல்லாம் கீரை சாப்பிட்ட ரத்தத்துக்கு அந்த மாத்திரை பத்தல." அதைச் சொல்லி முடித்ததும் அண்ணியின் முகம் எப்படி ஆனது என்று எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆயிரம் ஜோடியில் ஒரு தையல் பிசகைக் கண்டுபிடிக்கிறவர், தன் கணக்கில் எங்கே பிசகியது என்று அப்போது பார்த்துவிட்டார்.

பிறகு டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஏ, டி, இ, கே என்று நாலு வைட்டமின்கள் எண்ணெயில் கரைகிறவை. சாப்பாட்டில் கொஞ்சமாவது எண்ணெயோ கொழுப்போ இருந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். தண்ணீரில் கரைகிறவை மாதிரி மிச்சம் சுலபமாக வெளியே போய்விடாது. தேவைக்கு மேலே போனால் சேர்ந்துகொண்டே போய்த் தொல்லை கொடுப்பவை அதில் உண்டு. டி, சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏற்றிவிடும். கீரையில் இருக்கிற கே இரண்டு வேலை பார்க்கும். ஒன்று, காயம் பட்டால் ரத்தம் உறைய வைப்பது. அண்ணியின் மாத்திரை அடக்கி வைப்பது அந்த வேலையைத்தான். இன்னொன்று, சுண்ணாம்பை எலும்பில் உட்கார வைக்க உதவுவது, ரத்தக்குழாய்ச் சுவரில் படியாமல் பார்த்துக்கொள்வது. இந்த இரண்டாவது சங்கதியை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன் என்றார். டி பாக்கெட் வாரம் ஒன்று என்றால் ஒன்றுதான், நல்லது என்று கூட்டிவிட்டால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, சிறுநீரகத்தையும் குழாய்களையும் கெடுக்கும். பச்சை மாத்திரையை ஒளித்து வைத்தது நல்லதாகப் போயிற்று, இந்த மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் ரத்தம் ஒழுகுகிற ஆபத்து கூடலாம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் பயந்து செய்த காரியம் ஒன்றாவது சரியாக இருந்ததே.

அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எங்கப்பா தோல் ஷாப்புல, தோலைப் போட்டு உருட்டற டிரம் ஓட்டினாரு. பதம் பண்ண தோலுக்குக் கடைசியா எண்ணெய் விடுவாங்க. கம்மியா விட்டா தோல் வெடிக்கும், ஜாஸ்தியா விட்டா பிசுபிசுன்னு ஆயிடும். உள்ள போனது வெளிய வராது. அது மாதிரியா டாக்டர்?"

"கிட்டத்தட்ட அது மாதிரிதான்" என்றார் டாக்டரம்மா. "அளவுதான் முக்கியம். கீரையை விடச் சொல்லல. தினமும் ஒரே அளவு சாப்பிடுங்க. அதுக்குத் தக்க நான் மாத்திரை குடுக்கறேன். முடியுமா?"

"டிரம் ஓட்டினவரு பொண்ணு நான்" என்றார் அண்ணி. "முடியும்."

அதற்குப் பிறகு கட்டியைக் கரைக்கிற மருந்தை ஏற்றினார்கள். ஏற்றும்போது மூளையிலோ வயிற்றிலோ ரத்தம் கசியலாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காகிதத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். அண்ணி, "இன்னாடா தம்பி, எம் பேருக்குச் சொத்தா எழுதற? சீக்கிரம் போடு" என்றார். என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, இனி அந்தச் சத்தமே இல்லாத வீட்டில் எப்படி அரிசி களைவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பற்றியும் யோசிக்க முடியவில்லை. மறுநாள் பார்க்க விட்டார்கள். மெஷின்களின் பீப் சத்தத்துக்கு நடுவில் குனிந்து காதைக் கொடுத்தேன். டிக், டிக். தகரத்தில் தட்டுகிற மாதிரி, பழையபடி. அண்ணி கண்ணைத் திறக்காமலே, "பாஸா, ரிஜெக்டா?" என்றார். "பாஸ் அண்ணி" என்றேன். "போட்டுக் குடுத்தவளே" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வைத்தார். சமைத்த கீரை இதில் தலைதட்டி ஒரு கிண்ணம், தினமும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும், நல்ல நாள் வந்தாலும், சாவு வீட்டிலிருந்து திரும்பினாலும் அந்தக் கிண்ணம் உண்டு. எண்ணெயில் தாளித்துத்தான் தர வேண்டும். மழையில் முருங்கை மொட்டையாகிவிட்டால் என்ன செய்வது என்று நான் டாக்டரம்மாவிடமே கேட்டு வைத்துக்கொண்டேன். கீரை மாறினால் சொல்லிவிட வேண்டும், நடுவில் ஒரு தரம் ரத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரைக் காம்பை விளக்கடியில் பார்க்கிற மாதிரியே பார்த்துப் பொறுக்குவார். முற்றின காம்பு ஒன்று கண்ணில் பட்டால் என் பக்கம் வீசுவார், "ரிஜெக்ட்."

மேசையை அவர் விடவில்லை. கை முன்போல் முழுசாகத் திரும்பவில்லை, குளிர்காலத்தில் வலிக்கும். அதை மறைக்காமல் மேனேஜரிடமே போய்ச் சொன்னார். "வலது கை நோவுது. இடது கையில திருப்பறேன், வலது விரல்ல தடவிப் பாக்கறேன். ஒரு தப்பு உட்டா அன்னைக்கே பேக்கிங்குக்குப் போறேன்" என்றாராம். ரிட்டயர் ஆகிற வரை அந்த விளக்கடியில்தான் இருந்தார். ஆடிட் வாரங்களில் கம்பெனி வழக்கம்போல் குளித்துத் தலைவாரிக்கொண்டது. அதை மாற்ற அவரால் முடியுமா? ஆனால் அவர் மேசைக்குப் பக்கத்து ரிஜெக்ட் குவியலை மட்டும் கொட்டகைக்கு எடுத்துப் போக விடமாட்டார் என்று வேன் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வருஷங்கள் போய்விட்டன. டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அறையில் இருந்தவர்கள்: பேரன் வயசில் ஒரு புது டாக்டர், சிஸ்டர், நாத்தனார், நான். வீட்டுக்காரர் இப்போதும் கதவருகேதான் நிற்கிறார், முடி மட்டும் நரைத்துவிட்டது. புது டாக்டர் சீட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். நம்பர் கொஞ்சம் இறங்கியிருந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"முருங்கக்கீரை, தினமும் ஒரு கிண்ணம். நேத்தும் தின்னேன், இன்னிக்கும் திம்பேன். போன வாரம் காய்ச்சல்ல வேற மாத்திரை போட்டேன், இந்தா சீட்டு. கீரையை நான் மாத்த மாட்டேன் தம்பி. நீங்க மாத்திரையை மாத்துங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். எழுதுகிற நடுவில் தலையைத் தூக்கிச் சுவரில் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடினார். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தேன். ஃபேன் ஓடாத அந்த அறையில், டிக், டிக் என்று அது மட்டும் பேசிக்கொண்டிருந்தது.